தோட்டத்தை விட்டு வந்த கால்கள்



அந்த நாளில் ரப்பர்த் தோட்டத்தில் விடியலுக்கு வெகு நேரம் முன்பே, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு தொடங்கிவிடும். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக்காட்டுக்குள் இறங்க வேண்டும். ஒரு மரத்தடியில் நின்று, முந்தைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழுத்தெடுத்து, குனிந்து உளியால் பட்டையை மெல்லிசாகச் சீவி, மங்கை நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். நிரை நிரையாக நானூறு, ஐந்நூறு மரம். வெட்டி முடித்த கையோடு அதே நிரைகளில் மறுபடியும் நடந்து, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டு ஸ்டோர் வரை சுமந்து வர வேண்டும். மேடும் பள்ளமும் ஈரப்புல்லும் அட்டையும் நிறைந்த வழி அது. வீடு திரும்பும் பெண்ணுக்கு அதற்குப் பிறகுதான் விறகும் தண்ணீரும் சமையலும்.

மலேசியாவின் செபராங் பிறையில் இருக்கும் தாசேக் கெலுகோரைச் சுற்றி, மலாக்கோப் போன்ற தோட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறைத் தமிழர்கள் இப்படித்தான் வாழ்ந்தார்கள். உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று அவர்களுக்குத் தேவைப்படவில்லை. உடலை அசைக்காமல் ஒரு நாளைக் கழிக்க அவர்களுக்கு வழியே இருந்ததில்லை.

1980களிலும் 90களிலும் அந்த வாழ்க்கை கலைந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையிலும் ஒரு பகுதி போய் வீடமைப்புத் தாமான்கள் வந்தன. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தன. பிறையிலும் மாக் மண்டினிலும் தொழிற்சாலை வேலை கிடைத்தது. கம்பெனி பஸ் தாமான் முனையிலேயே வந்து ஏற்றிக்கொள்கிறது. எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ ஒரே இயந்திரத்தின் முன் நிற்பதோ உட்காருவதோதான் வேலை. முந்நூறு மீட்டர் தள்ளியிருக்கும் கடைக்கு ரொட்டி சானாய் வாங்கப் போகவும் மோட்டார் சைக்கிள்தான். சோற்றின் அளவு மட்டும் தோட்டத்தில் இருந்தபடியே இருக்கிறது. கூடவே சீனி போட்ட தே தாரேக்கும் புட்டிப் பானமும் சேர்ந்துகொண்டன.

இந்த மாற்றம் என்ன செய்தது என்பதற்கு நாட்டின் கணக்கே சாட்சி. 2019ஆம் ஆண்டின் தேசிய நலம், நோயுறுதல் ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்னும் நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் அது 31.4 விழுக்காடு. பெரியவர்கள் பத்துப் பேர் கூடினால் மூன்று பேருக்கு மேல். நாட்டின் பெரிய இனங்களில் இதுவே மிக அதிகம். 2023இல் நடந்த அதே வரிசை ஆய்வு, பெரியவர்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினர் போதிய உடலசைவு இல்லாதவர்கள் என்றும், பாதிக்கு மேற்பட்டோர் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள் என்றும் சொன்னது. இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது என்ன என்று இந்த வட்டாரத்துக் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காலில் ஆறாத புண், வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு, ஐம்பதைத் தாண்டுவதற்குள் வந்த மாரடைப்பு என்று ஏதாவது ஒன்றைப் பார்க்காத தெரு இல்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட்டு மேலே போவது நல்லது. ‘அந்தக் காலத்தில் உழைத்தார்கள், அதனால் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ்ந்தார்கள்’ என்று திருமண வீடுகளிலும் கேதத்து வீடுகளிலும் அடிக்கடி பேசப்படுகிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இதே செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் இளவயதிலேயே மடிந்தார்கள். 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்த பிறகும் மலேரியாவும் சத்தில்லாச் சாப்பாடும் கள்ளுக்கடையும் பல காலம் அவர்களை விடவில்லை. அவர்கள் உடம்பு இரும்பாக இருந்ததாகப் பெருமை பேசுவது, அவர்கள் பட்ட பாட்டை மறைப்பதாகவே முடியும்.

இன்றைய மருத்துவமும் இதை ஒட்டி ஒன்றைச் சொல்கிறது. டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஓய்வு நேரத்தில் நடப்பவர்கள், ஓடுபவர்கள், மிதிவண்டி ஓட்டுபவர்களின் இறப்பு விகிதம் குறைந்தது. வேலையிடத்தில் நாள் முழுக்கப் பாரம் தூக்குபவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. அவர்களிடையே இறப்பு கூடியே இருந்தது. கட்டாயத்தின் பேரில் ஓய்வில்லாமல் எட்டு மணி நேரம் செய்யும் உழைப்பில் இரத்த அழுத்தம் நாள் முழுக்க ஏறியே நிற்கும். விரும்பிச் செய்யும் அரைமணி நடையில் இதயம் சற்று வேகமெடுத்து, பிறகு இளைப்பாறும். ஆகவே தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் கட்டாயமாக இருந்த அசைவை, கட்டாயமில்லாத வாழ்க்கையில் எப்படி மீட்பது என்பதே கேள்வி.

உடலசைவுக்கும் ஆயுளுக்கும் உள்ள உறவை முதன்முதலில் எண்களால் காட்டியவர் ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் மாரடைப்பு திடீரெனப் பெருகியது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. மாரிஸ் லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளைப் பார்த்தார். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வகைக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள், ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள். ஓட்டுநர் வேலை நேரம் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நடத்துநரோ பயணச்சீட்டு கொடுக்க மேல்தளத்துக்கும் கீழ்தளத்துக்குமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 படி ஏறுகிறார். சுமார் 31,000 ஊழியர்களின் பதிவுகளை ஆராய்ந்து 1953இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அவர் வெளியிட்ட முடிவு, நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் அதில் உயிர் போவது குறைவு என்பது. தபால்காரர்களையும் அஞ்சலக எழுத்தர்களையும் ஒப்பிட்டபோதும் அதே கதைதான்.

அன்றைய மருத்துவர்கள் பலர் இதை ஏற்கவில்லை. முதலிலேயே பருமனாக இருப்பவர்கள்தான் ஓட்டுநர் வேலைக்குப் போகிறார்கள் என்று வாதிட்டார்கள். மாரிஸ் சளைக்கவில்லை. நிறுவனம் சீருடை தைத்துக் கொடுத்த கணக்கை வாங்கி, ஒவ்வொருவருடைய இடுப்பளவையும் எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒரே இடுப்பளவு உள்ளவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் நடத்துநருக்குத்தான் இதயம் பலமாக இருந்தது. தையற்காரரின் அளவுக் குறிப்பிலிருந்து ஒரு பெரிய உண்மையை எடுத்த அந்த மனிதர் தாமும் முதுமை வரை உடற்பயிற்சியை விடவில்லை. 2009இல் அவர் மறைந்தபோது வயது 99.

நடக்கும்போது உடம்புக்குள் நடப்பது இதுதான். உண்ட சோறு சர்க்கரையாக இரத்தத்தில் கலக்கிறது. அதை உள்ளே வாங்கிக்கொள்ளும் பெரிய இடம் தசை. சாதாரண வேளையில் தசையின் கதவைத் திறக்கச் சாவி இன்சுலின். இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் அதன் வாசலில் நிற்பவர்களுக்கும் இந்தச் சாவி சரியாகத் திரும்புவதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் இல்லாமலேயே அந்தக் கதவு உள்ளிருந்து திறந்துகொள்கிறது. நடந்து முடித்த பிறகும் ஒன்றிரண்டு நாளுக்குத் தசை இன்சுலினின் சொல்லைக் கூடுதலாகக் கேட்கும். பிறகு அந்தப் பலன் தேய்ந்துவிடும். ‘தொடர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள்’ என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

இன்னொரு காரணம் இந்திய உடல்வாகு. புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியதுபோல, பார்வைக்கு ஒல்லியாக இருக்கும் இந்தியர் உடம்பிலும் கொழுப்பு மிகுதி, தசை குறைவு. அந்தக் கொழுப்பும் வயிற்றைச் சுற்றியே சேரும். ஆசியர்களுக்கு ஆண்களின் இடுப்பு 90 செண்டிமீட்டரையும் பெண்களின் இடுப்பு 80 செண்டிமீட்டரையும் தாண்டினால் எச்சரிக்கை என்று வைத்திருப்பது அதற்காகத்தான். எடைக்கருவி காட்டும் எண் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர் ஒரு தையல் நாடாவை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பார்ப்பது நல்லது.

தமிழ் மண்ணிலேயே செய்து பார்த்த சோதனை ஒன்று உண்டு. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் அது. இரத்தச் சர்க்கரை எல்லையில் நிற்கும் 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். 35 முதல் 55 வயது வரையிலான நடுத்தர மக்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பகுதியினருக்கு உணவில் சிறு மாற்றம், நாள்தோறும் அரைமணி வேக நடை. மூன்று ஆண்டு முடிவில் முதல் பகுதியினரில் 55 விழுக்காட்டினர் இனிப்புநீர் நோயாளிகளாகிவிட்டார்கள். நடந்தவர்களில் அது 39.3 விழுக்காடு. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் தரப்பட்ட பகுதியினருக்கும் ஏறத்தாழ இதே அளவுதான் பலன். 2006இல் வெளிவந்த இந்த ஆய்வில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. நடந்தவர்களுக்குச் சொல்லும்படி எடை குறையவில்லை. எடை குறையாமலேயே நோய் தள்ளிப்போனது. ‘மூன்று மாதமாக நடக்கிறேன், ஒரு கிலோகூடக் குறையவில்லை’ என்று சலித்து நிறுத்திவிடுகிற எத்தனையோ பேருக்கு இதைச் சொல்ல வேண்டும்.

சீனாவின் தாச்சிங் நகரில் 1986இல் தொடங்கிய இதேபோன்ற சோதனையில் 577 பேர் இருந்தார்கள். ஆறு ஆண்டுப் பயிற்சி. பிறகு முப்பது ஆண்டுவரை அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். உணவையோ உடலசைவையோ இரண்டையுமோ திருத்திக்கொண்டவர்களுக்கு இனிப்புநீர் ஏறக்குறைய நான்கு ஆண்டு தாமதமாக வந்தது. சராசரி ஆயுள் ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கூடியது. ஒன்றரை ஆண்டுதானா என்று தோன்றலாம். நோயில்லாமல் கிடைத்த அந்த நான்கு ஆண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போவதா, சுத்திகரிப்பு மையத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதா என்பதை முடிவு செய்வது அந்த நான்கு ஆண்டுதான்.

எவ்வளவு நேரம் வேண்டும்? உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த வழிகாட்டி, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான அசைவு என்கிறது. பேச முடியும், பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான அசைவு. ஆனால் ‘150’ என்ற எண்ணைக் கேட்டதுமே பின்வாங்குபவர்கள் அதிகம். அவர்களுக்காகத் தைவானிலிருந்து ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அங்கே நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சராசரியாக எட்டு ஆண்டு தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்குப் பதினைந்தே நிமிடம் அசைந்தவர்களுக்கு அசையாதவர்களைவிட இறப்பு அபாயம் 14 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆயுள் மூன்று ஆண்டு கூடுதலாக மதிப்பிடப்பட்டது. ஒன்றுமில்லாமையிலிருந்து கொஞ்சத்துக்கு வருபவருக்குத்தான் லாபம் அதிகம்.

பத்தாயிரம் அடி என்ற கணக்கும் பலரை மிரட்டுகிறது. அது மருத்துவர்கள் வகுத்த எல்லை இல்லை. 1964 தோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பின் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியெண்ணிக் கருவி ஒன்றின் பெயரில் இருந்த எண். ஹார்வர்டின் ஐ-மின் லீ குழுவினர் சராசரி 72 வயதான 16,741 பெண்களை ஆராய்ந்து 2019இல் சொன்னது வேறு. நாளுக்கு 2,700 அடி நடப்பவர்களைவிட 4,400 அடி நடப்பவர்களின் இறப்பு விகிதம் 41 விழுக்காடு குறைவு. 7,500 அடிக்கு மேல் பலன் பெரிதாகக் கூடவில்லை. எழுபது வயது அம்மாவுக்குப் பத்தாயிரத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதைவிட, இப்போது நடப்பதோடு இன்னும் இரண்டாயிரம் அடி சேர்க்கச் சொல்வது மேல்.

நேரத்தைப் பிரித்துக்கொள்வதும் உதவும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இனிப்புநீர் உள்ளவர்களிடம் செய்து பார்த்ததில், அரைமணி நடையை ஒரே மூச்சில் முடிப்பதைவிட ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் பத்து நிமிடம் நடப்பது உணவுக்குப் பிந்தைய சர்க்கரையை அதிகம் தணித்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடந்ததில்தான் பலன் மிகுதி. இரவில் வயிறாரச் சோறு உண்டு, அப்படியே தொலைக்காட்சி முன் சாயும் வழக்கம் உள்ள வீடுகளுக்கு இது நேராகப் பொருந்தும். தட்டைக் கழுவி வைத்துவிட்டு தாமானை ஒரு சுற்று வந்தாலே பத்து நிமிடம் ஆகிவிடும்.

நடை மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், குறிப்பாக அறுபதைக் கடந்தவர்களுக்கு. நடுவயதிலிருந்தே தசை கரையத் தொடங்குகிறது. முதுமையில் ஒருவரைப் படுக்கையில் தள்ளுவது பெரும்பாலும் ஒரு விழுகைதான்: குளியலறையில் சறுக்கி இடுப்பெலும்பு முறிகிறது, பிறகு எழுந்திருப்பதே இல்லை. 1990இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் மரியா ஃபியாத்தரோனே என்ற மருத்துவர், 86 முதல் 96 வயது வரையிலான தளர்ந்துபோன பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்தசைப் பயிற்சி கொடுத்தார். பலர் அதை ஆபத்து என்றார்கள். எட்டு வாரத்தில் அவர்களின் கால்பலம் சராசரியாக 174 விழுக்காடு ஏறியது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். தொண்ணூறு வயதிலும் தசை கற்றுக்கொள்ளும்.

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கையில்லாத நாற்காலி ஒன்று போதும். அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, எழுந்து நின்று உட்கார வேண்டும். முப்பது நொடியில் எத்தனை முறை முடிகிறது என்பதை எண்ணிக்கொள்ளலாம். முதல் நாள் ஆறோ ஏழோ வரலாம். உட்காரும்போது பொத்தென்று விழாமல், மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்குவதில்தான் பயிற்சியின் பலன் இருக்கிறது. முழங்கால் நோகிறவர்கள் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒரு நாளுக்கு இரண்டு மூன்று தவணை போதும். கழிப்பறையிலிருந்து யார் துணையும் இல்லாமல் எழுவது முதுமையில் எவ்வளவு பெரிய சுதந்திரம் என்று அதை இழந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தமிழர்களுக்கு முன்மாதிரிகள் இல்லாமலும் இல்லை. மூன்று ஒலிம்பிக்கில் ஓடிய மருத்துவர் மணி ஜெகதீசன் 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் கடந்தார். 49 ஆண்டுகள் அது மலேசியாவின் தேசியச் சாதனையாக நின்றது. 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடையை 4 மணி 10 நிமிடத்தில் முடித்துத் தங்கம் வென்றார். தாசேக் கெலுகோரிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் போய்த் திரும்பினாலும் நிறையாத தூரம் அது. ஆனால் இன்றைய பேச்சுக்கு அவர்களைவிட இருவர் நெருக்கமானவர்கள். கோவையின் நானம்மாள் 98 வயதில் பத்மஸ்ரீ வாங்கியபோதும் யோகாசனம் செய்துகொண்டும் கற்பித்துக்கொண்டும் இருந்தார். 2019இல் 99 வயதில் மறைந்தார். இலங்கையில் போரால் சிதைந்த முல்லைத்தீவு மாவட்டத்தின் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி, 72 வயதில், 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டிக்குப் போய் 1,500 மீட்டர் ஓட்டத்திலும் 5,000 மீட்டர் நடையிலும் தங்கம் வென்று வந்தார். இவர்கள் இருவரையும் தாங்கியது பல ஆண்டுகளாக விடாமல் செய்த பழக்கம்.

பழைய பெருமை எதையும் காப்பாற்றாது. அமெரிக்க மருத்துவர் ரால்ஃப் பாஃபன்பர்கர் ஹார்வர்டின் முன்னாள் மாணவர்கள் பல்லாயிரம் பேரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். கல்லூரி அணியில் விளையாடி, பிறகு உட்கார்ந்துவிட்டவர்களுக்கு அந்த விளையாட்டால் எந்தப் பாதுகாப்பும் மிஞ்சவில்லை. கல்லூரியில் பந்தையே தொடாமல், பிற்காலத்தில் நடக்கத் தொடங்கியவர்கள் அவர்களைவிட நன்றாக இருந்தார்கள். தோட்டத் திடலில் பந்தடித்த நாட்களைப் பேசிக்கொண்டே நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஐம்பது வயதுக்காரர்கள் இதைக் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

தைப்பூசத்துக்கும் இது பொருந்தும். பினாங்குத் தண்ணீர்மலைக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் வெறுங்காலில் மணிக்கணக்காக நடக்கிறார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறுகிறார்கள். அந்தப் பக்திக்கு வணக்கம். அத்தனை மன உறுதி உள்ள ஒரு சமூகம் மீதி 364 நாளில் பதினைந்து நிமிடம் நடக்க முடியாமல் இருக்கிறது என்பதுதான் வருத்தம். இன்னும் ஒரு எச்சரிக்கை: இனிப்புநீரால் பாதம் மரத்துப் போனவர்கள் சுடும் தாரில் வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம் வந்தது தெரியாது. அவர்கள் எந்த நாளிலும் சப்பாத்து அணிந்தே நடக்க வேண்டும். வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலி உள்ளவர்களும் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அவசியம்.

இத்தனை தெரிந்தும் ஏன் நடப்பதில்லை? சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம், நியாயமில்லை. இந்த வட்டாரத்தில் காலை ஏழு மணிக்குத்தான் வெளிச்சம் வருகிறது. அதற்குள் கம்பெனி பஸ் போய்விடும். பகலில் வெயில் தாங்காது. மாலையில் மழை. பல சாலைகளில் நடைபாதை கிடையாது. லாரியும் மோட்டாரும் உரசிக்கொண்டு போகின்றன, தெருநாய்கள் துரத்துகின்றன. இரவு ஷிப்ட் முடிந்து வந்தவருக்குத் தூக்கமே போதவில்லை. பெண்களுக்கு இன்னும் கடினம். வீட்டு வேலை முடியும் நேரத்தில் இருட்டிவிடும். தனியாக நடந்தால் பயம், அக்கம்பக்கத்தார் பேச்சும் இருக்கிறது. இவையெல்லாம் ஒருவர் மனம் வைத்தால் மட்டும் தீரும் தடைகள் இல்லை.

சென்னையில் நடந்த ஒன்று இந்த இடத்தில் மிகவும் உதவும். மருத்துவர் வி. மோகன் குழுவினர் 1996இல் தொடங்கிய சென்னை நகர மக்கள்தொகை ஆய்வு, திருமங்கலத்தின் ஆசியாட் காலனி என்ற நடுத்தர வசதிக் குடியிருப்பையும், தி. நகரில் ஓர் ஏழைக் குடியிருப்பையும் எடுத்துக்கொண்டது. ஆய்வாளர்கள் ஆசியாட் காலனி மக்களிடம் இனிப்புநீரைப் பற்றியும் நடையைப் பற்றியும் எடுத்துச் சொன்னார்கள். மக்கள் கேட்டுவிட்டுக் கலைந்து போகவில்லை. நடக்க இடமில்லை என்பதை உணர்ந்து, தங்களுக்குள் பணம் திரட்டி, ஒரு பூங்காவை அமைத்தார்கள். அதற்கு முன் வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் ஏதாவது பயிற்சி செய்தவர்கள் 14 விழுக்காட்டினர். பூங்கா வந்த பிறகு அது 58 விழுக்காட்டைத் தாண்டியது.

பத்தாண்டு கழித்து இரண்டு குடியிருப்புகளையும் மறுபடி ஆராய்ந்தார்கள். வசதியான காலனியில் இனிப்புநீர் 12.4 விழுக்காட்டிலிருந்து 15.4க்கு உயர்ந்திருந்தது. பூங்கா எதுவும் வராத ஏழைக் குடியிருப்பில் 6.5லிருந்து 15.3க்குத் தாவியிருந்தது. உழைத்துப் பிழைப்பவர்களுக்கு இனிப்புநீர் வராது என்ற பழைய நம்பிக்கை அதோடு முடிந்தது. இன்று மலேசியாவின் எந்த மலிவுவிலை அடுக்குமாடிக்குப் போனாலும் அந்த இரண்டாவது குடியிருப்பைப் பார்க்கலாம்.

தாசேக் கெலுகோரில் புதிதாகப் பூங்கா கட்டப் பணம் திரட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. இடம் இருக்கிறது, மாலையில் பூட்டிக் கிடக்கிறது, அவ்வளவுதான். தமிழ்ப்பள்ளிகளுக்குத் திடல் உண்டு. கோயில்களுக்கு மண்டபம் உண்டு. திருமணமும் திருவிழாவும் இல்லாத நாட்களில் மின்விசிறியோடும் விளக்கோடும் அது சும்மா இருக்கிறது. மழைக்கும் நாய்க்கும் இருட்டுக்கும் அங்கே பயமில்லை. இருபது பெண்கள் சேர்ந்து மண்டபத்துக்குள் அரைமணி நடந்து, பத்து நிமிடம் நாற்காலிப் பயிற்சி செய்தால், யாரும் யாரையும் குறை பேசப் போவதில்லை. ஒருவர் வராத நாளில் ‘ஏன் அக்கா வரல?’ என்று கேட்க ஆள் இருக்கும். பெரட்டில் பெயர் கூப்பிட்ட காலத்தில் வராதவருக்குக் கூலி போனது. இங்கே பெயர் கேட்பது அன்பால்.

ஆகவே ஆலய நிர்வாகங்களுக்கும், தமிழ்ப்பள்ளி மேலாளர் வாரியங்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் மூன்று மாலை, ஆறு மணி முதல் எட்டு மணி வரை, திடலின் கதவையோ மண்டபத்தின் கதவையோ திறந்து வையுங்கள். பொறுப்புக்கு இரண்டு பேரை நியமியுங்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். கட்டணம் வேண்டாம். ஷிப்ட் வேலைக்காரர்கள் எந்த நேரத்தில் வந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு தையல் நாடாவும் கையில்லாத நாற்காலிகளும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் முதல் நாளைத் தொடங்கிவிடலாம்: பெயர், இடுப்பளவு, முப்பது நொடியில் எத்தனை முறை எழுந்தார் என்ற எண். மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து, அவரவர் எண்ணை அவரவரிடம் மட்டும் சொல்லுங்கள். அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்களில் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தின்கீழ் இலவசச் சுகாதாரப் பரிசோதனை கிடைக்கிறது. அதைச் செய்துகொள்ளாதவர்கள் யார் யார் என்று அந்த முதல் மாலையிலேயே கேட்டு எழுதி, கிளினிக்குக்குக் கூட்டாகப் போக ஒரு நாள் குறித்துவிடுங்கள்.